தண்ணீர்ப் பக்கம் மட்டும் பார்த்து வாங்கிய அணை

நிலத்தைக் காட்ட வந்தவர் என்னை நேராகக் கரை மேல் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். மாலை நேரம். எதிரே இரண்டு ஏக்கர் நீர்ப்பரப்பு, ஓரத்தில் மரப்பலகைப் படித்துறை, அதில் கட்டிய சின்னப் படகு. கரை நெடுக நிழல் மரங்கள். தம்பியின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் நீந்தலாம், தூண்டில் போடலாம், வேலை ஓய்ந்த பிறகு நானும் இங்கேயே வந்துவிடலாம் என்று அங்கே நின்றபடியே முடிவு செய்துவிட்டேன். அரைமணி நேரம் நின்றிருப்போம். அதற்குள் ஒருமுறைகூட நான் திரும்பி மறுபக்கம் பார்க்கவில்லை. மறுபக்கத்தில் ஆறு மீட்டர் சரிவு, புதர், புதருக்குக் கீழே ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலைக்கு அப்பால் மூன்று வீடுகள். பிற்பாடு நான் இழந்த பணம், நாள், தூக்கம் எல்லாம் அந்தக் காய்ந்த பக்கத்தில்தான் இருந்தன. இப்படி ஒரு இடத்தை வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்திரத்தில் அணை என்ற சொல்லே இல்லை. 'நீர்நிலையுடன் கூடிய நிலம்' என்றுதான் இருந்தது. நானும் குளம் என்றே சொல்லி வந்தேன். ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, கீழே இருக்கும் தரையைவிட உயரத்தில் தண்ணீரை நிறுத்தினால் அது அணைதான். எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட ஒரு சுலபமான வழியைப் பின்னால் கற்றுக்கொண்டேன். பரப்பளவை கரையருகே உள்ள அதிகபட்ச ஆழத்தால் பெருக்கி, அதில் பத்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டால் தோராயமான கொள்ளளவு வந்துவிடும். எனக்கு 8,000 சதுர மீட்டர், ஐந்து மீட்டர் ஆழம். கணக்கு 16,000 கன மீட்டரில் வந்து நின்றது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். பதினாறாயிரம் டன் எடையை மூன்று குடும்பங்களின் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நான் படகு விட்டுக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டிருந்தால் என் கேள்விகள் வேறாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு வருடங்கள் நன்றாகத்தான் போயின. அந்த நாட்களிலேயே அணை தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கரை உச்சியில், நடுவுக்குக் கொஞ்சம் இடப்புறம், ஒரு கூடையைக் கவிழ்த்தது போன்ற அளவில் ஒரு பள்ளம் விழுந்தது. மாடு கீடு மிதித்திருக்கும் என்று நினைத்து இரண்டு தள்ளுவண்டி மண் கொட்டி, மிதித்து, மேலே புல் பத்தை வைத்தேன். மூன்று மாதத்தில் புல்லோடு சேர்ந்து மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி கொட்டினேன். பின்னால் வந்த பொறியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்க கொட்டின மண்ணெல்லாம் எங்க போச்சும்மா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழேதான் மதகுக் குழாய் போகிறது. நெளிவுத் தகரக் குழாய், போட்டு நாற்பது வருடம் ஆகியிருக்கும். துரு அரித்து, இணைப்பு விட்டு, கரையின் மண்ணைப் பிடிபிடியாக உள்ளே இழுத்து ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. கரை மேல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பள்ளம் விழுந்தால் அதை மூடிவிட்டு நகராதீர்கள். அடியில் எங்கோ மண் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது அடையாளம், வெளிச்சரிவின் அடிவாரத்தில் ஒரு பச்சைத் திட்டு. கடும் கோடையிலும் அந்த இடத்தில் மட்டும் கோரை செழித்து நின்றது. காலை வைத்தால் பொதபொதவென்று அமிழும். இயற்கை ஊற்று என்று சந்தோஷப்பட்டேன், விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், கசிவே இல்லாத மண் கரை கிடையாது. எவ்வளவு கசிகிறது, அது கூடுகிறதா குறைகிறதா, தெளிவாக வருகிறதா கலங்கலாக வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கலங்கி வந்தால் தண்ணீரோடு கரையும் சேர்ந்து வருகிறது. மூன்றாவது, நான் மயங்கிப்போன அந்த நிழல் மரங்கள். வேர் கரைக்குள் வழி போடுகிறது, மரம் பட்டுப்போனால் அந்த வேர் மக்கித் தண்ணீருக்குக் குழாய் ஆகிவிடுகிறது, புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டும் பெயர்ந்து வருகிறது. அந்த மரங்களால் வெளிச்சரிவில் என்ன நடக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கரையில் புல் மட்டும்தான் இருக்க வேண்டும், அதையும் குட்டையாக வெட்டி வைக்க வேண்டும்.

நான்காவதைச் சொல்லும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது. முந்தைய உரிமையாளர் கலுங்கில், அதாவது ஏரி நிறைந்தால் மிகுதித் தண்ணீர் வழிந்து போக விட்டிருக்கும் வழியில், மூன்று பலகைகளைச் செருகி, அதற்கு மேல் கம்பிவலை கட்டியிருந்தார். பலகை, நீர்மட்டம் இன்னும் ஒரு முழம் ஏறி ஏரி அழகாக நிறைந்து தெரிவதற்காக. வலை, மழைக்காலத்தில் மீன் வெளியே போய்விடாமல் இருப்பதற்காக. வாங்கும்போது அதை ஒரு வசதியாகவே எனக்குக் காட்டினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் சவுத் ஃபோர்க் அணை 1889 மே 31 அன்று உடைந்து ஜான்ஸ்டவுன் நகரத்தை அழித்தது, 2,209 பேர் இறந்தார்கள் என்பதை நான் பிறகுதான் படித்தேன். அதுவும் பொழுதுபோக்கு ஏரிதான், வசதியானவர்களின் மீன்பிடி மன்றம் ஒன்றுக்குச் சொந்தம். அடியில் இருந்த வெளியேற்றக் குழாய்களை முன்பு வைத்திருந்த ஒருவர் எடுத்து விற்றுவிட்டார், மன்றம் திரும்பப் போடவில்லை. வண்டி போக வசதியாகக் கரை உச்சியை வெட்டித் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலுங்கில் தடுப்பு வலை போட்டார்கள், மழையன்று அதில் குப்பை அடைத்துக்கொண்டது. படித்துக்கொண்டே வந்த நான் அந்த வலை என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன்.

மூன்றாவது மழைக்காலத்தில், விடாமல் மூன்று நாள் பெய்த மழையின் கடைசி இரவு. நான் மட்டும்தான் வீட்டில். இரண்டு மணிக்கு ஏதோ தோன்றி டார்ச்சோடு கரைக்குப் போனேன். வலையில் சருகும் கிளையும் அப்பிச் சுவர் மாதிரி நின்றது, கலுங்கில் பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. கரை உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. நான் மண் கொட்டி மூடிய அந்தப் பள்ளத்தில் அதுவும் இல்லை, நான்கு விரல். மண் கரைக்கு மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டு பின்னோக்கி வரும், அப்புறம் நிறுத்த முடியாது. மதகைத் திறக்கலாம் என்று சக்கரத்தைப் பிடித்தால் அசையவில்லை, துருவில் இறுகிப்போயிருந்தது. இரும்பு வாரியை எடுத்துக்கொண்டு போய்க் கலுங்கின் ஓரத்தில் நின்று வலையைக் கொக்கி போட்டு இழுத்தேன். ஒரு முறை வழுக்கி முழங்கால் வரை தண்ணீரில் போனேன். வலை ஒரு பக்கம் கிழிந்து, ஒரு பலகை முறிந்ததும் தண்ணீர் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதில் நான் செய்த பெரிய தவறு, எதை முதலில் செய்வது என்ற வரிசையில். வலையோடு நாற்பது நிமிடம் போராடிய பிறகுதான் கீழே இருக்கும் வீடுகள் நினைவுக்கு வந்தன. அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, உடைந்தால் வெள்ளம் எந்தச் சாலை வழியாக வருமோ அதே சாலையில் போய்க் கதவைத் தட்டினேன். முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா திறந்தார்கள். "யாரும்மா இந்த நேரத்துல?" என்றார்கள். சொன்னேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, "பத்து வருஷமா இங்க இருக்கோம். மேல அணை இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வீட்டாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பகுதிக்குப் போனார்கள். மழை நான்கரைக்கு ஓய்ந்தது. கரை நின்றுவிட்டது. அது மழையின் தயவு, என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

ஆகவே, அணை வைத்திருப்பவர் வீட்டில் ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டின் எண், அவசர உதவி எண், பொறியாளர் எண், தண்ணீர் எந்த வழியாகப் போகும், எவ்வளவு நேரத்தில் முதல் வீட்டை எட்டும், மக்கள் எந்த மேட்டுக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்ததுமே முதலில் தொலைபேசி, அப்புறம்தான் கரை. ஓடும் கலுங்குக்குள் தனியாகக் கை வைக்கவே கூடாது, நான் பிழைத்தது தற்செயல். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அன்று நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தபோது கீழே கல்லூரி வளாகத்தில் இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். 39 பேர் இறந்தார்கள். மின்சாரத்துக்காகக் கட்டிய அந்த அணை அப்போது வெறும் பொழுதுபோக்கு ஏரியாகத்தான் கிடந்தது.

விடிந்ததும் அடிவாரத்துப் பச்சைத் திட்டைப் போய்ப் பார்த்தேன். செம்மண் கரைத்த நிறத்தில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழியைச் சுற்றி எறும்புப் புற்று போல மெல்லிய மணல் வளையம். பயத்தில், மண் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, நல்ல களிமண்ணாகக் கொட்டி வாயை அடைத்துவிடலாம் என்றார். முன்பணம் வாங்கினார், ஏழெட்டு வண்டி கொட்டினார், கூடவே கரையில் இருந்த மரங்களையும் அடியோடு அறுத்துப்போட்டார். மூன்றாம் நாள் பத்தடி தள்ளி, முன்பைவிட வேகமாகப் புது ஊற்று கிளம்பியது. முதல் பணம் அங்கே போயிற்று. போனது பணம் மட்டும் என்றால் பரவாயில்லை, கரையின் நிலைமையும் அதனால் மோசமானது.

அதற்குப் பிறகுதான் மண் அணைகளில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் கிடைத்தார். கட்டடப் பொறியாளர் எல்லோருக்கும் இந்த வேலை தெரியாது, எத்தனை மண் அணைகளை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டே கூப்பிடுங்கள். அவர் வந்ததும் செய்த முதல் காரியம் அந்தக் களிமண்ணை எடுக்கச் சொன்னது. ஒழுகும் வாயை வெளிப்பக்கத்தில் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தம் கூடி வேறு பலவீனமான இடத்தில் பீறிடும். தண்ணீரைப் போக விட வேண்டும், மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அதனால் முதலில் மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கனமான கல் என்று அடுக்கினார். ஒன்றின் இடுக்கில் அதற்கு முந்தைய அடுக்கு நுழைந்துவிடாத அளவாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நாளில் அதே ஊற்று தெளிந்த தண்ணீராக வந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன்.

அடுத்தது நீர்மட்டத்தை இறக்குவது. நான் ஒரே நாளில் வடித்துவிடத் துடித்தேன், அவர் விடவில்லை. மாதக்கணக்கில் ஊறிய உள்சரிவுக்கு எதிரே இருக்கும் தண்ணீரைச் சட்டென்று எடுத்தால், உள்ளே நிற்கும் நீரின் பாரத்தில் சரிவு வழுக்கி இறங்கிவிடும். எனக்கு அவர் கொடுத்த அளவு நாளைக்கு ஒரு அடி. மதகு திறக்காததால் கரைக்கு மேலே குழாய் போட்டு, வாய் வழியாக உறிஞ்சி இறக்குவது போன்ற முறையில் தண்ணீரைக் கீழே இறக்கினோம். இதைச் செய்வதற்குள் கீழே ஓடையில் இருப்பவர்களுக்கும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். எங்கு வேண்டுமானாலும் தண்ணீரை அவிழ்த்துவிட முடியாது. குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்த அன்று, அடிப்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் தெரிந்தன. அதன் மேல் ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அந்த இடத்துக்கு மேலேதான் பிள்ளைகள் நாற்காலி போட்டுத் தூண்டில் பிடித்தார்கள். ஏரிக்குள் இருக்கும் மதகுக் குழாயின் வாயருகே அவர்கள் முங்கு நீச்சல் போட்டதையும் பொறியாளரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மதகு வாயில் தண்ணீர் உறிஞ்சும் விசைக்கு ஒரு ஆளைப் பிடித்து வைக்கும் பலம் உண்டு. மிதவைக் கயிறு கட்டித் தடுக்காமல் அந்தப் பக்கம் யாரையும் விடக்கூடாது.

அனுமதி வாங்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேதம் எல்லோருக்கும் தெரிந்த பிறகும், பழுதுபார்க்க எழுத்து அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று. சின்ன அணை என்பதால் எந்தப் பட்டியலிலும் இல்லை, பட்டியலில் இல்லாததற்கு எந்த விண்ணப்பம் என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். இந்த எல்லை நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் 25,000 கன மீட்டருக்கு மேல் தேக்கும் நீர்த்தேக்கங்களுக்கானது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமானவற்றையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றையும் எடுத்துக்கொள்கிறது. சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. சொல்லப்போனால், அப்படிப்பட்ட அணையைப் பார்க்க உரிமையாளரைத் தவிர வேறு ஆளே கிடையாது. 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில், தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் தப்பிப்போய்ப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்ததற்கு, சொந்தக் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று தீர்த்தது. என் வீட்டுக் காப்பீட்டை எடுத்து வரிவரியாகப் படித்தேன். அணை உடைந்து பிறருக்கு வரும் சேதம் அதில் இல்லை. அன்றிரவு கரை போயிருந்தால் எல்லாம் என் தலையில்தான்.

அணைகளை ஆபத்து வகை பிரிக்கிறார்கள் என்பதும் எனக்குப் புதிது. 'உயர் ஆபத்து' என்று என் அணையைக் குறித்தபோது, இவ்வளவு பழுது பார்த்த பிறகுமா என்று சண்டைக்குப் போனேன். அந்த வகை அணையின் நிலைமையைப் பற்றியது இல்லை, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. கீழே புதிதாக ஒருவர் வீடு கட்டினால், கரையில் ஒரு பிடி மண் நகராமலே உங்கள் அணையின் வகை மாறிவிடும். அதனால் வாங்கும்போது ஓடை வழியாகக் கீழ்நோக்கி நடந்து பாருங்கள். ஒரு மணி நேரம் நடந்தால் போதும். கூடவே மதகை உங்கள் கண் முன்னால் முழுக்கத் திறந்து மூடச் சொல்லுங்கள். இறுகிப்போயிருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, கடும் கோடையில் ஒருமுறை வெளிச்சரிவைப் போய்ப் பாருங்கள். கட்டிய வரைபடம், பழைய ஆய்வு அறிக்கை கேளுங்கள். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, அந்த இல்லாமையே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மொத்தத்தில் பதினான்கு மாதம், நிலத்துக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் புதிது வைத்து, அதைச் சுற்றி மணல் வடிகட்டி போட்டோம். அறுத்துப்போட்ட மரங்களின் அடிக்கட்டைகளை, நீர்மட்டம் இறங்கியிருந்தபோதே வேரோடு எடுத்து, குழிகளை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்கினோம். அணையையே எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன், அதற்கும் அனுமதி, அதற்கும் செலவு, நாற்பது வருட வண்டலை என்ன செய்வது என்ற கேள்வி வேறு. கடைசியில் கலுங்கை ஒன்றரை மீட்டர் தாழ்த்தி அகலமாக்கினோம். ஏரி பாதியாகச் சுருங்கிவிட்டது. படித்துறை இப்போது புல்தரையில் நிற்கிறது. தம்பியின் சின்னவன் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனான். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மழை நாளில் தூங்குகிறேன்.

வாரம் ஒருமுறை அடிவாரத்துக்கு ஒரு வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போகிறேன். வடிகால் வாயில் பத்து லிட்டர் வாளியை வைத்து நிறைய எத்தனை விநாடி என்று பார்த்து, அன்றைய நீர்மட்டத்தையும் மழையையும் சேர்த்து நோட்டில் எழுதுகிறேன். வாளியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து அடியில் மணல் படிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். நோட்டின் நகல் ஒன்று கீழே முதல் வீட்டில் இருக்கிறது, அந்த அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நேற்றைய வரி: ஐம்பத்திரண்டு விநாடி, தெளிவு, அடியில் ஒன்றும் இல்லை.